மேட்டூர் போகலாம், தண்ணீரில் கவனம் வேண்டும்

(சுற்றுலாவுக்கு முன் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

அடுத்த மாதம் நம் குடியிருப்பிலிருந்து மேட்டூர் அணைக்கு ஒருநாள் சுற்றுலா போகிறோம். பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைகள். நான் அந்த ஊர்க்காரன் என்பதால் செயலாளர் சார் என்னைக் கொஞ்சம் பேசச் சொன்னார்.

சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் போய்விடலாம். முதலில் அணைக்கட்டு முனியப்பன் கோயில், அப்புறம் அணைப் பூங்கா, மதியம் சுடச்சுட மீன் வறுவல். சைவக்காரர்களுக்கு நம் வீட்டுப் புளிசாதம். நிழலுக்கும் விளையாட இடத்துக்கும் பூங்காவில் குறைவில்லை.

1925-இல் வேலை தொடங்கி 1934-இல் முடிந்த அணை இது. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்கிறார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குறுவைக்காக ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். மழையையும் வரத்தையும் பொறுத்து அந்தத் தேதி மாறும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். நீர் ஏறுவதும் இறங்குவதும் டெல்டாவின் தேவையையும் கர்நாடகத்தில் பெய்யும் மழையையும் பொறுத்தது. நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

அணை கட்டுவதற்கு முன் அங்கே ஊர்களும் வயல்களும் இருந்தன. கோடையில் நீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்க அழகுதான். ஆனால் அடியில் பள்ளமும் மேடும் பழைய ஆற்றுத்தடமும் அப்படியே கிடக்கின்றன. மேலே காய்ந்து வெடித்திருக்கும் வண்டல், கால் வைத்தால் உள்வாங்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் நீர் இறங்கிய கரையில் விளையாடினோம். இரண்டடி தள்ளிப் போனவன் பள்ளத்தில் வழுக்கினான். அந்த வழுக்கியவன் நான்தான். என்னைப் பிடிக்க ஒரு நண்பன் குதித்தான். எங்கள் ஐவரில் நன்றாக நீச்சல் தெரிந்தவன் அவன்தான். மற்றவர்கள் நீட்டிய மூங்கில் கழியைப் பிடித்து நான் கரையேறினேன். அவன் ஏறவில்லை. அந்தக் கழியை முதலிலேயே நீட்டியிருந்தால் அவன் குதித்தே இருக்க வேண்டாம்.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ஒன்று: நீர்த்தேக்கத்துக்குள் யாரும் இறங்க வேண்டாம், நீச்சல் தெரிந்தவர்களும்தான். அணைக்குக் கீழே ஆற்றில் குளிப்பதென்றால், ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அன்றைய நீர் திறப்பை விசாரித்த பிறகு மட்டும். சங்கு ஊதினாலோ தண்டோரா கேட்டாலோ துணியைக்கூட எடுக்காமல் மேலே வந்துவிடுங்கள்.

இரண்டு: சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரியவர்கள் காவல். அவர்கள் கையில் செல்போன் கூடாது.

மூன்று: பரிசலில் ஏறினால் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை வேண்டும். இல்லையென்றால் ஏற வேண்டாம்.

நான்கு: யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள். கயிறு, புடவை, கழி எதையாவது நீட்டுங்கள். மூடிய காலி ஐந்து லிட்டர் கேன் ஆளைத் தாங்கும். அதைக் கயிற்றில் கட்டி வீசலாம். நம் வண்டியில் இரண்டு கேன்களும் நீளக் கயிறும் வைக்கப் போகிறேன்.

ஐந்து: மீட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதோ வயிற்றை அமுக்குவதோ கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே வாயில் காற்று ஊதி, மார்பை அழுத்த வேண்டும். ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். பி பிளாக்கில் இருக்கும் செவிலியர் அக்கா வரும் சனிக்கிழமை மாலை இதைச் செய்துகாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் வாருங்கள்.

காவல் முறைக்கான தாள் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. முதல் மணி நேரத்துக்கு என் பெயரை எழுதிவிட்டேன். மீதி இடங்களை நீங்கள் நிரப்புங்கள். போன எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.