வழக்குத் தொடுக்கும் அதிகாரம் யாருடையது?



2022 ஜூலை 14ஆம் திகதி இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி துறந்தார். 2024இல் ஜனாதிபதித் தேர்தலும் பொதுத் தேர்தலும் இந்நாட்டின் அரசியல் முகத்தை மாற்றின. கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள இக்கரையோர ஊர்களும் அம்மாற்றத்தில் பங்கு கொண்டன. ஆள்வோர் மாறினால் நீதி தானாக வந்து சேருமா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி. வராது என்பது என் முடிவு. குற்றம் செய்தவர்மீது வழக்குத் தொடுக்கும் அதிகாரம் அரசாங்கத்தின் சொந்தச் சட்டத்தரணியிடமே இருக்கும்வரை, எத்தனை ஆணைக்குழுக்கள் அமர்ந்தாலும் எத்தனை மன்னிப்புகள் கோரப்பட்டாலும் நீதிமன்றத்தின் வாசல் திறக்காது. இதனை முதலில் நமக்கு அயலில் உள்ள ஒரு பெரிய முஸ்லிம் நாட்டின் அனுபவத்திலிருந்தும், பிறகு நம் கரையோரத்தின் வரலாற்றிலிருந்தும் நிறுவ முயல்கிறேன்.

இந்தோனேசியாவில் 32 ஆண்டுகள் ஆண்ட சுஹார்த்தோ 1998 மே 21ஆம் திகதி பதவி விலகினார். அதன்பின் அந்நாடு செய்த சீர்திருத்தங்கள் சாதாரணமானவை அல்ல. ஜனாதிபதியின் பதவிக்காலம் இரண்டு தவணைகளுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. பாராளுமன்றத்தில் இராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஆசனங்கள் 2004ஆம் ஆண்டோடு இல்லாமற்போயின. அதே ஆண்டு மக்கள் முதன்முறையாகத் தம் ஜனாதிபதியை நேரடியாகத் தெரிவுசெய்தனர். அதிகாரம் மாவட்டங்களுக்குப் பகிரப்பட்டது, 2003இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பிறந்தது. அரசியலமைப்பைத் திருத்துவதில் நம்மைவிட அவர்கள் பலபடி முன்னே சென்றார்கள். ஆயினும் சுஹார்த்தோ மீதான ஊழல் வழக்கு அவரது உடல்நிலையைக் காரணங்காட்டி 2000இல் நிறுத்தப்பட்டது. எந்தத் தீர்ப்பும் இன்றி 2008இல் அவர் மறைந்தார். 1998இல் இராணுவத்திலிருந்து நீக்கப்பட்ட அவருடைய முன்னாள் மருமகன் பிரபோவோ 2024இல் ஜனாதிபதியானார். மறு ஆண்டு நவம்பரில் சுஹார்த்தோ தேசிய வீரராகவே அறிவிக்கப்பட்டார். இத்தனை சீர்திருத்தம் செய்த நாடு இங்கே வந்து நின்றது எப்படி?

விடையின் பெரும்பகுதி ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. இந்தோனேசியாவின் மனித உரிமை ஆணைக்குழு பாரிய மீறல்களை ஆராய்ந்து கோப்புகளைத் தயாரிக்கலாம். வழக்குத் தொடுக்க முடியாது. அந்த அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் சட்டமா அதிபருக்கே உரியது. ஆணைக்குழு அனுப்பிய கோப்புகளை அவரது திணைக்களம் 'போதிய சான்றில்லை' என்று திருப்பியனுப்பும். ஆணைக்குழு மீண்டும் அனுப்பும். அவை மீண்டும் திரும்பி வரும். 2023 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ 12 நிகழ்வுகளைப் பாரிய மனித உரிமை மீறல்களென ஏற்று வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தம் உண்மையானதாகவே இருக்கட்டும். அதனால் எந்தக் கோப்பும் நீதிமன்றம் ஏறவில்லை.

அதற்கு முன்பே ஏறிய வழக்குகளில் ஒன்றை மட்டும் இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நமக்கு மிக நெருக்கமானது. 1984 செப்டெம்பர் 12ஆம் திகதி ஜகார்த்தாவின் துறைமுகப் பகுதியான தஞ்சோங் பிரியோக்கில், கைதான தம் ஊரவரை விடுவிக்கக் கோரிச் சென்ற முஸ்லிம்கள்மீது இராணுவம் சுட்டது. இறந்தவர் தொகையை அரசு குறைத்தே சொன்னது; குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் என்றன. ஆட்சி மாறிய பின் இதற்கென விசேட நீதிமன்றம் அமைந்தது. ஆனால் வழக்குத் தொடங்குமுன்பே, 2001இல், இஸ்லாஹ் (சமரசம்) என்ற பெயரில் இராணுவ அதிகாரிகளுக்கும் பாதிக்கப்பட்ட சிலருக்குமிடையே ஓர் இணக்கம் கையெழுத்தானது. பணமும் உதவிகளும் வழங்கப்பட்டன. பிறகு நீதிமன்றத்தில் சாட்சிகள் பலர் தம் முந்திய வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னார்கள். முதல் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்கள் மேன்முறையீட்டில் ஒருவர் மிச்சமின்றி விடுவிக்கப்பட்டார்கள். ஏழைக் குடும்பங்கள் பணம் வாங்கியதை நான் பழிக்கமாட்டேன். மார்க்கத்தின் மிக உயர்ந்த ஒரு விழுமியத்தை, வழக்கைக் குலைக்கும் கருவியாக அதிகாரம் எடுத்துக்கொண்டதே என் கவலை. வழக்குத்தொடுநர் உறுதியாக நின்றிருந்தால், சமரசம் ஒருபுறமும் விசாரணை மறுபுறமும் நடந்திருக்கும்.

இதே நாட்டில் எதிர்ச்சான்றும் உண்டு. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஊழல் ஒழிப்பு ஆணைக்குழுவுக்குத் தானே புலனாய்வு செய்து தானே வழக்குத் தொடுக்கும் அதிகாரம் தரப்பட்டது. அமைச்சர்களும் ஆளுநர்களும் கட்சித் தலைவர்களும் சிறைக்குச் சென்றார்கள். 2019இல் சட்டத்தைத் திருத்தி அதன் சுதந்திரத்தைக் குறைக்க அரசியல்வாதிகள் ஒன்றுபட்டதே அந்த அதிகாரம் எவ்வளவு வேலை செய்தது என்பதற்குச் சாட்சி.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2006 செப்டெம்பரில் பொத்துவிலில் குளத்து வேலைக்குச் சென்ற 10 முஸ்லிம் தொழிலாளர் கொல்லப்பட்டனர். அரசு விடுதலைப் புலிகளைக் குற்றஞ்சாட்டியது. ஊர் மக்கள் விசேட அதிரடிப்படையைச் சுட்டினர். அவ்வாண்டு நவம்பரில் அமைக்கப்பட்ட உதலாகம ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட 16 சம்பவங்களில் இதுவும் ஒன்று. அதனை அவதானிக்க, இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதியின் தலைமையில் சர்வதேச நிபுணர் குழுவும் வந்தது. 2008இல் அக்குழு நம்பிக்கை இழந்து வெளியேறியது. அவர்கள் சொன்ன குறைகளில் முதன்மையானவற்றுள் ஒன்று, சட்டமா அதிபர் திணைக்கள அதிகாரிகள் ஆணைக்குழுவுக்குச் சான்றுகளை நெறிப்படுத்தியமை. முதற்கட்ட விசாரணைகளுக்கு ஆலோசனை கூறிய திணைக்களம், அவ்விசாரணைகளில் குறை உண்டா என்று பார்க்கும் இடத்திலும் அமர்ந்திருந்தது. 2009 ஜூனில் ஆணைக்குழுவின் காலம் முடிந்தது. அறிக்கை 2015 வரை வெளிச்சம் காணவில்லை. பொத்துவில் தொழிலாளரைக் கொன்றவர் எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. இக்கரையோரத்தின் தலைவர் எம். எச். எம். அஷ்ரஃப் 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்ததையும் ஓர் ஆணைக்குழு ஆராய்ந்தது. அதன் அறிக்கையைக் காணத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் படியேற வேண்டியிருந்தது.

கொவிட் தொற்றில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸா எரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் இறுதியில் தொடங்கியது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியாயிற்று. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியும் அரசு இணங்கவில்லை. மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1ஆம் திகதி விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. பிறந்து 20 நாளான பாலகனும் எரிக்கப்பட்டான். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் மையவாடி திறந்தது. 2024 ஜூலையில் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. எரிக்கும் முடிவுக்கு விஞ்ஞான ஆதாரம் இருப்பதாக ஆலோசனை கூறியவர் யார், எந்தத் தரவைக் கொண்டு கூறினர், அதிகாரத்தைத் துர்ப்பிரயோகம் செய்தவர் எவர் என்பவை நீதிமன்றத்தில் கேட்கப்படவில்லை. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எரிப்பு நடந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபரில், ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்து, சட்டமா அதிபர் நியமனத்தில் அரசியலமைப்புப் பேரவைக்கிருந்த பிடியை அகற்றிய 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்க்கட்சிப் பக்கத்திலிருந்த முஸ்லிம் உறுப்பினர் சிலரும், இக்கரையோரத்தின் வாக்கில் சென்றவர்கள் உட்பட, அதனை ஆதரித்தார்கள். தங்களை எரித்துக்கொண்டிருந்த அரசுக்கு அவர்கள் கொடுத்தது வழக்குத் தொடுக்கும் வாசலின் சாவியை. இதை நம் அரசியல் இன்னும் நேர்மையாகப் பேசவில்லை.

சட்டமா அதிபர்கள் தனிப்பட்ட முறையில் நேர்மையற்றவர்கள் என்பது என் வாதமன்று. பதவியின் அமைப்பிலேயே பிழை உண்டு. அமைச்சுகளுக்கு ஆலோசகர் அவர்; அடிப்படை உரிமை வழக்கில் அரசுக்காக வாதாடுபவர் அவர்; அரசு அதிகாரி குற்றம் செய்தால் குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியவரும் அவரே. 2008–09இல் கொழும்பிலும் அயலிலும் தமிழரும் முஸ்லிம்களும் உட்பட 11 பேர் கடத்திக் காணாமலாக்கப்பட்ட வழக்கில், முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டைத் தொடரப்போவதில்லை என்று 2021 ஒக்டோபரில் சட்டமா அதிபர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அறிவித்தார். ஆட்சி மாறிய பிறகும், 2025 ஜனவரியில், பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொலை வழக்கின் மூன்று சந்தேக நபர்களை விடுவிக்கலாம் என்று அதே அலுவலகம் எழுதியது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது பின்வாங்கப்பட்டது. மறுபுறம் பாருங்கள். 2015 தேர்தலுக்காகச் சதொச ஊடாக 14,000 கரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் இறக்குமதி செய்த வழக்கில், முன்னாள் அமைச்சர் இருவருக்கு 2025 மே 29ஆம் திகதி 20, 25 ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது.  வழக்கு உறுதியாகத் தொடுக்கப்பட்டால் அமைச்சரும் தப்ப மாட்டார் என்பதை நம் நீதிமன்றமும் காட்டுகிறது. பொதுப்பணத்துக்குக் கிடைத்த அந்த வழி பொத்துவில் உழைப்பாளியின் உயிருக்கும் கிடைக்க வேண்டும்.

பழைய புண்ணைக் கிளறினால் கிழக்கின் தமிழர், முஸ்லிம் உறவு மீண்டும் கெடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1990 ஜூன் 11ஆம் திகதி கல்முனை உள்ளிட்ட பொலிஸ் நிலையங்களில் புலிகளிடம் சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். அதையடுத்துக் கல்முனைப் பகுதியில் தமிழ் இளைஞர் இராணுவத்தின் கையில் காணாமற்போயினர். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் சுடப்பட்டனர். அதே மாதம் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்த தமிழர் கொல்லப்பட்டதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர்மீது குற்றச்சாட்டு உண்டு. நமக்குக் கேட்கக் கசப்பாயினும் இதைச் சொல்லாமல் காத்தான்குடியைச் சொல்ல நமக்கு உரிமையில்லை. நீதிமன்றம் ஆட்களின் பெயரைச் சொல்லாதபோது ஊர்கள் ஊர்களின் பெயரைச் சொல்கின்றன. பிள்ளைகள் பிறக்குமுன் நடந்ததற்கு ஒரு சமூகம் முழுவதும் இன்னொரு சமூகத்தின் கண்ணில் குற்றவாளியாகிறது. 36 ஆண்டு மௌனம் நல்லுறவை வளர்த்திருந்தால், ஒரு பிரதேச செயலக எல்லைக்காகக் கல்முனை இவ்வளவு கொதித்திருக்காது. குற்றத்தை ஆளுக்கு ஆள் பிரித்துத் தரக்கூடிய இடம் நீதிமன்றம் ஒன்றே.

குற்றவாளிகள் புலிகளோடு அழிந்துவிட்டார்கள் என்பாரும் உண்டு. எல்லோரும் அழிந்துவிடவில்லை. 1990இல் புலிகளின் கிழக்குத் தளபதியாயிருந்த விநாயகமூர்த்தி முரளிதரன் பின்னர் பிரதியமைச்சரானார். 2020இல் இதே அம்பாறை மாவட்டத்தில் வாக்குக் கேட்டார். பொலிஸார் கொலையில் தமக்குப் பங்கில்லை என்கிறார். அதை நிரூபிக்கவும் மறுக்கவும் ஒரு வழக்கு வேண்டாமா? 2025 மார்ச்சில் பிரித்தானியா அவர்மீதும் மூன்று முன்னாள் படைத் தளபதிகள்மீதும் தடை விதித்தது. நம் நாட்டில் 1990 குறித்து அவர்மீது ஒரு குற்றப்பத்திரமேனும் இல்லை.

மன்னிப்பே சிறந்தது என்று மார்க்கத்தின் பெயரால் எழும் வாதத்தை நான் மிகுந்த மதிப்போடு அணுகுகிறேன். கொலையில் மன்னிக்கும் உரிமையை ஷரீஅத் கொல்லப்பட்டவரின் வாரிசுக்குத் தந்திருக்கிறது; ஆட்சியாளருக்கோ கட்சித் தலைவருக்கோ அமைச்சரவைக்கோ தரவில்லை. மன்னிக்க வேண்டுமாயின் யாரை மன்னிக்கிறோம் என்று வாரிசுக்குத் தெரிந்தாக வேண்டும். பெயரறியாத கொலைகாரனை மன்னிக்குமாறு ஒரு விதவையிடம் கேட்பது மன்னிப்பாகாது. தஞ்சோங் பிரியோக்கில் நேர்ந்த தவறும், குற்றவாளி யாரென்று நீதிமன்றம் சொல்லுமுன்பே மன்னிப்பைக் கேட்டதுதான்.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று: புதிய அலுவலகமும் அரசியல்வாதியின் கையில் விழாதென்பதற்கு என்ன உத்தரவாதம்? 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தின் கீழ் தனி வழக்குத்தொடுநர் பதவி ஒன்றை இந்நாடு கண்டிருக்கிறது. ஆட்சி மாறியதும் அது ஒழிந்தது. பெயர்ப்பலகை சுதந்திரம் தராது என்பதை ஏற்கிறேன். அதனால்தான் தற்போதைய அரசு வாக்களித்த சுதந்திர வழக்குத்தொடுநர் அலுவலகத்தின் சட்டமூலத்தை நாம் வரி வரியாகப் படிக்க வேண்டும். அலுவலகத் தலைவரை 21ஆவது திருத்தம் மீட்டுத்தந்த அரசியலமைப்புப் பேரவை நியமிக்க வேண்டும். பதவிக்காலம் ஒன்றே, மறுநியமனம் கூடாது. வழக்குத் தொடுக்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் குடும்பத்துக்குத் தர வேண்டும். அம்முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கக் குடும்பத்துக்கு உரிமை வேண்டும். என்னைக் கேட்டால் மற்றெல்லாவற்றிலும் இதுவே முக்கியம், ஏனெனில் கோப்பு ஏன் நகரவில்லை என்று கேட்க இன்று நமக்கு எளிதான வழியில்லை.

கிழக்குக்கென்று மூன்று கோரிக்கைகள் உண்டு. ஆணைக்குழுக்கள் சேர்த்து வைத்த வாக்குமூலங்களையும் காணாமற்போனோர் அலுவலகத்தின் கோப்புகளையும் மட்டும் ஆராயும் ஒரு பிரிவு அந்த அலுவலகத்தில் வேண்டும். 1990இன் சாட்சிகள் முதுமையடைந்துவிட்டார்கள், அவர்களின் சாட்சியத்தை வழக்குக்கு முன்பே நீதவான் முன்னிலையில் பதிந்துகொள்ள வேண்டும். பொத்துவிலில் இருந்தும் சம்மாந்துறையில் இருந்தும் வீரமுனையில் இருந்தும் சாட்சி சொல்ல வருவோர் கொழும்புக்கு அலையாமல், கல்முனை மேல் நீதிமன்றத்திலேயே, தம் மொழியில், பாதுகாப்போடு பேச வழி வேண்டும். இம்மூன்றையும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் கோயில் பரிபாலன சபைகளும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு நீதியமைச்சுக்கு அனுப்பலாம். சட்டமூலம் பாராளுமன்றம் செல்லுமுன் அனுப்பினால்தான் பயன்.