ஒரு சொல், மூன்று துறை



ஆங்கிலத்தில் ‘ரூட்’ என்றொரு சொல் உண்டு. அதன் நேர்பொருள் வேர். கணக்கியலார், நரம்பியலார், ஒலியியலார் ஆகிய மூவரும் அதனைக் கலைச்சொல்லாக ஆள்கின்றனர். ஆயின், மூவர் கருதும் பொருளும் வேறு வேறு. அதனைத் தமிழில் எங்ஙனம் தருவது?

முதற்கண் கணக்கைக் காண்க. 5ஐ 5ஆல் பெருக்க 25 விளையும். 25 வளர்ந்தெழுந்த அடி 5. ஆதலின் அது 25இன் வேர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிசுமி, அறியாத எண்ணை வேர் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லாலேயே குறித்தார். இலத்தீனில் பெயர்த்தவர்கள் அரபு ஒலியைக் கடன் கொள்ளவில்லை. தம் மொழியில் வேருக்குரிய சொல்லையே இட்டனர். தமிழ்ப் பள்ளிநூல்களிலோ ‘வர்க்கமூலம்’ வழங்குகிறது. மாணவன் அதனை நெட்டுருச் செய்கிறான். ‘இருபடி வேர்’ என்றால் பொருள் தானே விளங்குமன்றோ?

அடுத்து நரம்பு. தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. ஒவ்வொன்றும் முன்வேர், பின்வேர் என இரண்டால் தண்டுவடத்தோடு பிணைந்துள்ளது. பின்வேர் உணர்வை உள்ளே கொணரும். முன்வேர் தசைக்கு ஏவலைக் கொண்டுசெல்லும். 1822இல் பிரெஞ்சு அறிஞர் மசாந்தி இவ்வேறுபாட்டை ஆய்ந்து வெளியிட்டார். இங்கும் வேர் என்பதே பொருந்தும்.

மூன்றாவது நா. தொண்டையை நோக்கியிருக்கும் நாவின் அடிப்பகுதியை ஒலியியலார் நாவின் ‘ரூட்’ என்பர். கானா நாட்டின் அக்கான் மொழியில், அப்பகுதி முன்தள்ளுவதும் தள்ளாமையுமே சில உயிரொலிகளை வேறுபடுத்தும். ஆங்கிலத்தில் அச்சொல் இருப்பதால் இதனை ‘நாவேர்’ என்று பெயர்ப்பதா? வேண்டுவதில்லை. ‘அடிநா’ என்னும் நல்ல சொல் மக்கள் வாயிலேயே உள்ளது. நாவை முதல், இடை, நுனி எனப் பகுத்து எழுத்துகளின் பிறப்பைச் சொன்னவர் தொல்காப்பியர். அம்மரபில் வந்தோர்க்கு நாவின் உறுப்புக்குப் பெயர் தேடிப் பிறர் வாயில் நிற்கும் நிலை ஏன்?

அன்பர்களே! ‘ரூட்’ என்றே எழுதுவது ஓர் அடிமைத்தனம். ஆங்கிலன் ஒரு சொல்லால் குறித்தான் என்பதற்காகத் தமிழனும் ஒன்றாலேயே குறிக்க வேண்டுமென்பது மற்றோர் அடிமைத்தனம். தமிழுடை உடுத்து வருதலின் அதனை இனங்காண்பது அரிது. கலைச்சொல்லாக்கம் சொல்லுக்குச் சொல் மாற்றும் பண்டமாற்றன்று. பொருளைக் கண்டு பெயரிடும் பணி. இருபடி வேர், நரம்பு வேர், அடிநா என மூன்றையும் வகுப்பறையில் வழங்குங்கள். பொருளறிந்து கற்ற மாணவனே நாளை புதுச்சொல் படைப்பான்.

வாழ்க தமிழ்!