பழைய ஸ்பெக்ட்ரமும் புதிய ஸ்பெக்ட்ரமும்

சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி 1982 ஏப்ரல் 23 அன்று இங்கிலாந்தில் அறிமுகமானது. உள்ளே 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்-80 செயலி, 16 அல்லது 48 கிலோபைட் நினைவகம், மேலே 40 ரப்பர் விசைகள். தனியாகத் திரை கிடையாது, வீட்டு டிவிதான் திரை. புரோகிராமைப் பதிந்து வைக்கவும் திரும்ப ஏற்றவும் பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டரே போதும்.

2024 நவம்பரில் 'தி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. அதே அளவு, அதே கறுப்பு உடல், அதே ரப்பர் விசைகள், ஓரத்தில் அதே வானவில் கோடு. ரெட்ரோ கேம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 48 விளையாட்டுகளை உள்ளேயே வைத்து விற்கிறது. ஆனால் மூடியைக் கழற்றினால் இசட்-80 இருக்காது. கைபேசியில் இருப்பது போன்ற ஒரு சிறு செயலி இருக்கும். அதில் ஓடும் மென்பொருள் பழைய ஸ்பெக்ட்ரம்போல நடிக்கும். இந்த வகை மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர்.

பழசு அசல், புதுசு நகல் என்று பிரித்துவிடலாம்போலத் தோன்றும். இந்தியாவில் அந்தக் கோடு அவ்வளவு நேராக விழவில்லை. இங்கே ஸ்பெக்ட்ரம் புனே வழியாகவும் வந்தது. டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1986 வாக்கில் உரிமம் பெற்று 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்று வெளியிட்டது. பள்ளிகளுக்குள் போனது வேறொரு இயந்திரம். மத்திய அரசு 1984-ல் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தை 250 பள்ளிகளில் தொடங்கியபோது ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோவைத் தேர்ந்தெடுத்தது. அதையே உரிமம் பெற்று, மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 'எஸ்.சி.எல். யுனிகார்ன்' என்ற பெயரில் கொடுத்தது.

வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது மூன்றாவது வகை. ஜப்பானின் நின்டெண்டோ 1983-ல் விற்ற ஃபேமிலி கம்ப்யூட்டரை உரிமம் இல்லாமல் பார்த்துச் செய்த பெட்டிகள் அவை. 'லிட்டில் மாஸ்டர்' என்றெல்லாம் பெட்டியில் எழுதியிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது 'டிவி கேம்'. சென்னையில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கினார்கள். பின்னால் வந்த மலிவான பெட்டிகளைத் திறந்தால் பலகை நடுவே கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று தெரியும். செயலி, படச் சில்லு எல்லாம் அந்தப் பொட்டுக்கு அடியில் ஒரே சிலிக்கான் துண்டில் அடக்கம். கெட்டுப்போனால் ரிப்பேர்காரர் கைவைக்க எதுவும் இல்லை. அசலைப் பார்த்து மறுபடி செய்யும் தொழில் உலகத்தில் மோகமாக மாறுவதற்கு முன்பே, வடசென்னைப் பிள்ளைகள் அந்த மறுபதிப்பில்தான் மரியோவைக் குதிக்க வைத்தார்கள்.

அசல் ஸ்பெக்ட்ரமின் உள்ளமைப்பும் அத்தனை தூய்மையானதல்ல. 48 கிலோபைட் மாடலில் மேல் 32 கிலோபைட்டுக்குப் போட்டவை பாதி பழுதான நினைவகச் சில்லுகள். 64 கிலோபிட் சில்லு தயாரிக்கும்போது ஒரு பாதி வேலை செய்யாமல் போனவற்றை சிங்க்ளேர் நிறுவனம் குறைந்த விலைக்கு வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டது. 48 கிலோபைட் மாடலை 175 பவுண்டுக்கு விற்க முடிந்ததற்கு இப்படிப்பட்ட சிக்கனங்களும் காரணம்.

கீழ் 16 கிலோபைட்டில் இருந்த 4116 என்ற சில்லுகளுக்கு மூன்று வகை மின்னழுத்தம் வேண்டும்: 12 வோல்ட், 5 வோல்ட், எதிர்மறையாக 5 வோல்ட். எதிர்மறை அழுத்தம் நின்று மற்றவை ஓடினால் சில்லுகள் வரிசையாகச் செத்துப்போகும். பின்புறம் செருகிய கருவி லேசாக ஆடினாலே அப்படி நேர்ந்துவிடும். ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை எதிர்மறை. கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர்மறை. பின் சரியாகப் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகுவது, பழைய ஸ்பெக்ட்ரமைக் கொல்ல மிக எளிய வழி.

கடலோர ஊருக்கு வேறு சங்கடங்களும் உண்டு. சென்னையில் யானைக்கவுனியிலிருந்து துறைமுகம் சுமார் 2 கிலோமீட்டர். அங்கே ஒரு மாடி வீட்டுப் பரணில் முப்பது வருடம் கிடந்த கணினியை இறக்கினால் பின்பக்க இணைப்புப் பட்டையில் பச்சை பூத்திருக்கும். விசைகளுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் ஏட்டின் வால் வெற்றிலைச் சருகுபோல முறியும். எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் உலர்ந்திருக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் கைக்கணக்கு. கேசட்டுகளில் பூஞ்சை. ஏட்டைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள், கெபாசிட்டரை மாற்றிவிடலாம். யூ.எல்.ஏ. என்ற சில்லு போனால்தான் பெரிய தொல்லை, ஏனென்றால் அது ஸ்பெக்ட்ரமுக்கென்றே செய்யப்பட்டது.

அந்த யூ.எல்.ஏ. செய்யப்பட்ட விதம் சுவையானது. ஃபெராண்டி நிறுவனம் இணைப்பு கொடுக்காத தர்க்க வாயில்களைச் சில்லில் மொத்தமாக வார்த்து வைத்திருக்கும். வாடிக்கையாளர் கேட்ட சுற்றைக் கடைசி உலோகப் படலத்தில் மட்டும் இணைத்துக் கொடுக்கும். தங்கசாலைத் தெருப் பாத்திரக் கடையில் எல்லாருக்கும் ஒரே சொம்பு. வாங்கிய பிறகு பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா, அந்த முறை.

எமுலேட்டரை முதல் வகை என்று கொண்டால், புதிய மறுவார்ப்புகளில் இரண்டாம் வகை இதே யோசனையின் வழித்தோன்றல். எஃப்.பி.ஜி.ஏ. என்ற சில்லிலும் இணைப்பு முடிவாகாத வாயில்கள் இருக்கின்றன. ஆனால் இங்கே பெயர் வெட்டுவதை வீட்டிலேயே, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். 2017-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டி 2020-ல் கைக்கு வந்த 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்' இந்த வகை. அதற்கு உடல் வடிவமைத்தவர் 1982-ன் ஸ்பெக்ட்ரமை வடிவமைத்த ரிக் டிக்கின்சனேதான். இயந்திரம் வெளிவரும் முன் 2018-ல் அவர் காலமானார். 'மிஸ்டர்' என்ற திறந்த திட்டம் இன்னும் தாராளமானது. ஒரே பலகை காலையில் ஸ்பெக்ட்ரமாகவும் மாலையில் பிபிசி மைக்ரோவாகவும் ஓடும். யுனிகார்னில் பயின்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான வழி அதுவாகவே இருக்கும்.

மூன்றாம் வகை, பலகையையே மறுபடி செய்வது. கிறிஸ் ஸ்மித் என்பவர் யூ.எல்.ஏ.-வை நுணுக்கமாக ஆராய்ந்து, 2010-ல் அதைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். அவரது 'ஹார்லெக்வின்' பலகையில் யூ.எல்.ஏ. இல்லை; அது செய்த வேலையைக் கடையில் கிடைக்கும் சாதாரணத் தர்க்கச் சில்லுகளின் கூட்டம் செய்கிறது. செயலி மட்டும் உண்மையான இசட்-80. 1976-ல் தொடங்கிய அதன் அசல் வரிசையின் தயாரிப்பை நிறுத்துவதாக ஸைலாக் நிறுவனம் 2024-ல் அறிவித்தது. ஆகவே இந்தப் பலகையும் இனி இருப்பில் உள்ள சில்லுகளை நம்பியே நிற்கும். சால்டரிங் அயர்னைப் பிடிக்கப் பழகியவருக்கு மூன்றில் அதிகம் கற்றுத்தருவது இதுதான். மரியோவோ, மேனிக் மைனர் போன்ற ஸ்பெக்ட்ரம் விளையாட்டோ ஆடினால் போதும் என்பவருக்கு எமுலேட்டர் பெட்டியே தாராளம்.

மூன்றையும் பிரிப்பது நேரக்கணக்கு. அசலில் யூ.எல்.ஏ.-வும் செயலியும் கீழ் 16 கிலோபைட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. படம் வரையும் நேரத்தில் யூ.எல்.ஏ.-வுக்கே முன்னுரிமை, செயலி வந்தால் அதன் கடிகாரத்தைச் சற்று நிறுத்தி வைக்கும். திரையின் ஒவ்வொரு வரிக்கும் 224 கடிகாரத் துடிப்பு. அன்றைய புரோகிராமர்கள் இதை விரல்விட்டு எண்ணி, திரையின் ஓரக்கரையில் நிற ஜாலங்கள் காட்டினார்கள். ஒரு துடிப்பு தவறினாலும் கோடு இடம் மாறிவிடும். நல்ல எமுலேட்டர்களும் நல்ல எஃப்.பி.ஜி.ஏ. வடிவங்களும் இதையும் சேர்த்தே நடிக்கின்றன. தாமதம் நுழைவது அதற்குப் பிறகு. அசல் வினாடிக்கு 50 படம் அனுப்பும்; அதாவது ஒரு படத்துக்கு 20 மில்லிவினாடி. எமுலேட்டர் ஒரு படத்தை முழுதாகச் செய்து முடித்துத்தான் அனுப்பும், எல்.இ.டி. டிவி அதை வாங்கிப் பதப்படுத்திக் காட்டும். பட்டனை அழுத்துவதற்கும் பொம்மை குதிப்பதற்கும் இடையே ஓர் இடைவெளி விழுகிறது. பழைய பிக்சர் டியூப் டிவியில் அது கிட்டத்தட்ட இல்லை. டிவியில் கேம் மோடு இருந்தால் அதைப் போடுவது பாதி மருந்து.

கமோடோர் 64 என்ற இன்னொரு பழைய வீட்டுக் கணினியில் சிக்கல் ஒலியில். பாப் யானிஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச்சில்லின் முதல் வகையில் வடிகட்டிச் சுற்று சில்லுக்குச் சில்லு வேறுபட்டது. ஒரே பாட்டு இரண்டு கணினியில் இரண்டு குரலில் கேட்கும். நகல் எடுப்பவர் எந்தக் குரலை அசல் என்று கொள்வது? 2025-ல் வந்த கமோடோர் 64 அல்டிமேட் ஒரு சமரசம் செய்தது. உள்ளே இருப்பது எஃப்.பி.ஜி.ஏ.; பழைய சிட் சில்லு கையில் இருப்பவர் அதைப் பொருத்திக்கொள்ளச் சாக்கெட்டும் உண்டு.

தமிழுக்கு இந்த இயந்திரங்களில் இடம் குறுகல்தான். ஸ்பெக்ட்ரமில் பயனர் தாமே வரைந்துகொள்ளும் எழுத்துகள் 21. ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். உயிர் 12, மெய் 18 என்று எண்ணத் தொடங்கியதுமே கட்டங்கள் தீர்ந்துவிடும். ணகரத்தின் சுழிகளை எட்டுப் புள்ளி அகலத்தில் அடைப்பதும் பாடு.

பழைய கேசட்டைப் புதிய பெட்டியில் போட முடியுமா என்பது எஞ்சும் கேள்வி. ஸ்பெக்ட்ரம் புரோகிராம் என்பது டேப்பில் பதிந்த ஓசை. முதலில் சில வினாடி ஒரே சுருதியில் நீளும் கூவல். திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டைபட்டையாக ஓடும். பிறகு கரகரவென்ற இரைச்சல். பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறும். 48 கிலோபைட் ஏற ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஓசைதானே என்பதால் வானொலியிலும் அனுப்பினார்கள்: எண்பதுகளில் பெல்கிரேடு வானொலியின் 'வென்டிலேட்டர் 202' நிகழ்ச்சியில் கணினி புரோகிராம்களை ஒலிபரப்ப, நேயர்கள் அவற்றை டேப்பில் பதிந்து கணினியில் ஏற்றிக்கொண்டார்கள்.

2024-ன் தி ஸ்பெக்ட்ரமில் டேப்புக்கான துளை இல்லை. கேசட் ஓசையை முதலில் வேறு கணினியில் பதிந்து, கோப்பாக மாற்றி, பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். நெக்ஸ்டில் அந்தத் துளையை விட்டுவைத்திருக்கிறார்கள். டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர் போதும். ஒலியளவை முக்கால் பங்குக்கு வைத்து, ட்ரெபிளை ஏற்றி, டேப்பின் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்த பிறகு தொடங்குவது வழக்கம். அப்படியும் ஏறாவிட்டால் திரையில் வரும் 'டேப் லோடிங் எரர்' என்ற வரி 1982-ல் வந்த அதே வரிதான்.