ஒழுகரை விருந்து

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது ருசிக்கும் அபிப்பிராயத்துக்கும் மாறானவர்களிடத்தில் நாம் எவ்விதம் நடந்துகொள்வது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசியார் நம்மைக் கேட்டுக்கொண்டார். இவ்விஷயத்தில் பிறருக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை நமக்கு அதிகமில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவோம். ஆகையால் நம் ஊரில் முன்னாளில் நடந்த ஒரு விருந்தைப் பற்றி முதலில் பேசத் துணிகிறோம்.

1745ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் தேதி, புனித அந்திரேயர் திருநாளன்று, ஒழுகரையில் அவ்விருந்து நடந்தது. அளித்தவர் கனகராய முதலியார். அவர் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷி, மதத்தால் கிறிஸ்தவர். இறந்துபோன தம் குமாரனின் நினைவாக அங்கே ஒரு தேவாலயம் கட்டி முடித்து, அம்மகிழ்ச்சியில் ஊரார் அனைவரையும் வரவழைத்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிமார், தட்டார், நெசவாளர், வாணியர் ஆகிய பல வகுப்பாரும் வந்தார்கள். கவர்னர் துய்ப்ளேக்சும் அவர் மனைவியாரும் ஆலோசனைச் சபையாரும் வந்தார்கள்.

இத்தனை பேருக்கும் ஒரே உலையில் சமைத்து ஒரே வகை இலையைப் போட்டிருந்தால் செலவும் குறைந்திருக்கும், தொல்லையும் குறைந்திருக்கும். முதலியார் அவ்வாறு செய்யவில்லை. சாவடிகளையும் தோட்டங்களையும் தனித்தனியே ஒதுக்கி, அவரவர் ஆசாரத்துக்கு ஏற்ற சமையற்காரரை அமர்த்தினார். ஐரோப்பியருக்கான பதார்த்தங்கள் புதுச்சேரியிலேயே தயாராகி ஒழுகரைக்குச் சுமந்து வரப்பட்டன. அவர்கள் உட்கார்ந்து உண்ண மேசைகள் போடப்பட்டன. கவர்னர் மாலை ஐந்து மணிவரையில் அங்கிருந்தார். தரையில் அமர்ந்து இலையில் உண்பவனுக்கு மேசை எதற்கென்று அவர் கேட்கவில்லை. மேசையில் உண்பவனுக்கு இலை எதற்கென்றும் கேட்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிடுவது நியாயம். அன்றைய தனிச்சமையல் பெரும்பாலும் தீட்டுக்கு அஞ்சி ஏற்பட்டது. அதை நாம் இன்று மெச்ச வேண்டுவதில்லை. நாம் மெச்சுவது அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தையே. தமக்கு நம்பிக்கையில்லாத ஓர் ஆசாரம், அதனை நம்புகிறவனுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இச்செய்தி நமக்குக் கிடைத்த வழிதான் இன்னும் சுவையானது. இதை எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரையில் அவர் எழுதிவந்த தினப்படி சேதிக் குறிப்பை நீங்கள் அறிவீர்கள். பிள்ளை ஹிந்து, வியாபாரத்திலும் கவர்னரின் தயவிலும் முதலியாருக்குப் போட்டியானவர், முதலியார் 1746இல் காலமான பின், தலைமைத் துபாஷி உத்தியோகம் 1747இல் பிள்ளைக்கே வந்தது. அவரும் அன்று ஒழுகரைக்குச் சென்றிருந்தார். விருந்து அவருக்கு முழுதும் பிடித்திருந்ததா என்றால், இல்லை. கிறிஸ்தவராகிய ஒருவர் தம் மதத்து முறையை விட்டு ஹிந்துக்களின் முறைப்படி நடத்தியது பெருங்குறை என்பது அவருடைய கட்சி. அதைத் தம் குறிப்பில் ஒளிவின்றி எழுதியிருக்கிறார். ஆனால், அந்தக் குறையை எழுதிய அதே கையால், வந்தவர்கள் எல்லாரும் குறைவின்றி உபசரிக்கப்பட்டார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார். போட்டியாளனின் பெருமையை மறைக்க வேண்டுமானால் அந்த இரண்டு வரியை விட்டுவிட்டால் போதும், அவர் விடவில்லை. குறையைப் பந்தலில் நின்று பேசியதாகவும் அக்குறிப்பில் காணோம். வீட்டுக்கு வந்துதான் பேனாவை எடுத்தார்.

எல்லாரும் அப்படி இருந்தார்களென்று எண்ணவேண்டாம். மூன்றே ஆண்டு கழித்து, 1748 செப்டம்பரில், இங்கிலீஷ்காரர் நகரை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், சம்பா கோயிலுக்கு அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. பாதிரிமார் நெடுநாளாகக் கேட்டுவந்த காரியம் அது. அப்போது பிள்ளையே தலைமைத் துபாஷி. இருந்தும் அவரால் தடுக்க முடியவில்லை. அந்தத் துயரத்தையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இனி நமது காரியத்துக்கு வருவோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், நமது சங்கத்தின் ஆண்டு விழாப் பந்தியில் பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பல காலம் சேவை செய்து திரும்பியவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. பல தேசத்து உணவு உண்டு பழகியவர். ஒரு மேசையும் கரண்டியும் கிடைக்குமா என்று பரிமாறுகிறவனிடம் மெல்லக் கேட்டார். அதற்கு முந்திய மாதந்தான், நமது பத்திரிகையில் ஜாதகப் பொருத்தப் பகுதி எதற்கு, பிள்ளைகள் தாமே பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று செயற்குழுவில் பேசியிருந்தார். அந்தச் சூடு சிலருக்கு ஆறவில்லை. "துரைக்கு மேசை வேண்டுமாம்!" என்று ஒரு குரல் எழுந்தது. பந்தி முழுவதும் சிரித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. கையாலேயே உண்டு, கை கழுவி, தாம்பூலம் பெற்றுக்கொண்டு போனார். அதன் பின் நமது கூட்டம் எதற்கும் அவர் வந்ததில்லை. சந்தாவை மாத்திரம் ஆண்டுதோறும் பேரன் கையில் கொடுத்தனுப்புகிறார்.

அந்தக் குரல் எவருடையது என்று சிலருக்கு மறந்திருக்கலாம். நமக்கு மறக்கவில்லை, அது நம்முடைய குரலே. யோக்கியதை இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னது இதனாற்றான்.

வருகிற ஆண்டு விழாவில் வேண்டியவர்களுக்கு மேசை நாற்காலி போடுவதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. வாடகைச் செலவு அதிகமென்று பொக்கிஷதார் சொன்னார். ஒழுகரை விருந்தின் கதையைக் கேட்ட பிறகு கையெழுத்திட்டார். பெரியவர் வீட்டுக்கு அழைப்பை எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை நாமே போகிறோம். ஜாதகப் பகுதியைப் பற்றிய தம் கருத்தை அவர் எழுதித் தருவாராயின், ஓர் எழுத்தும் மாற்றாமல் வெளியிடப் பத்திராதிபரும் இசைந்திருக்கிறார். அக்கருத்தில் நமக்கு இன்னும் சம்மதமில்லை. அடுத்த இதழில் அதற்கு மறுப்பு எழுதுவோம்; அழைக்கப் போகும்போது அதைப் பற்றிப் பேசுவதாக இல்லை.