நகல் சரிதானா? – ஒரு வகுப்பறைக் கணக்கு

(குற்றாலம் ஐந்தருவியில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



1984இல் நடுவண் அரசின் 'கிளாஸ்' திட்டம் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினியைக் கொண்டுவந்தது. அதன் இயக்க நிரல் 16 கிலோபைட் சில்லு ஒன்றில் அடங்கியிருந்தது. அந்தக் கணினியையும், 1994இல் வெளிவந்த பிளேஸ்டேஷனையும் இன்று எமுலேட்டர் மென்பொருள் வழியே உயிர்ப்பிக்கலாம். அதற்குப் பெரும்பாலும் பழைய சில்லில் இருந்த நிலைப்பொருளின் நகல் தேவைப்படும்.

"சார், ஃபைல் முழுசா இருக்கு. ஆனா கேம் ஓடலை. ஃபைல் சரியா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பிளேஸ்டேஷன் நிலைப்பொருளின் அளவு 5,24,288 பைட். அளவு சரியாக இருந்தும் உள்ளே ஒரு பைட் மாறியிருக்கலாம்.

இதை வகுப்பில் விளக்கக் கணினி வேண்டாம். கரும்பலகையில் 4, 7, 2 என்று எழுதுங்கள். கூட்டினால் 13. நகலெடுத்தவர் 4, 2, 7 என்று எழுதிவிட்டாலும் 13தான், பிழை தப்பிவிடும். இப்போது ஒவ்வோர் எண்ணையும் அதன் இட எண்ணால் பெருக்கிக் கூட்டச் சொல்லுங்கள். முதலாவது 24, இரண்டாவது 29. பிழை பிடிபட்டது! ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள்.

இதே எண்ணத்தின் வலிமையான வடிவம்தான் ஷா-256. எவ்வளவு பெரிய கோப்பானாலும் 64 குறிகள் கொண்ட ஒரே விடையைத் தரும். ஒரு பிட் மாறினாலும் விடை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். நம் விடையை, ஆர்வலர்கள் சரிபார்த்துத் தொகுத்த பட்டியலோடு ஒப்பிட்டால் போதும்.

மூன்று செய்திகளை மாணவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். கோப்பைத் தந்த இடமே தரும் சரிபார்ப்பு எண் சான்றாகாது. வேறிடத்தில் பெற வேண்டும். எண் பொருந்தினால் அது அதே நகல் என்றுதான் பொருள்; பயன்படுத்தும் உரிமை நமக்கு உண்டு என்று பொருளல்ல. நிலைப்பொருளுக்கும் பதிப்புரிமை உண்டு. எண் பொருந்தாத கோப்பைப் பள்ளி ஆய்வகக் கணினியில் திறக்கவே கூடாது.

விளையாட்டில் தொடங்கும் இந்தப் பழக்கம் நாளை வங்கிச் செயலியை நிறுவும்போதும், கைப்பேசிக்கு வந்த செய்தியை நம்பும் முன்பும் கைகொடுக்கும். "பார்க்கச் சரியாக இருக்கிறது" என்பதோடு நின்றுவிடாமல் "சரிபார்த்தேன்" என்று சொல்லும் பிள்ளைகளை உருவாக்குவோம்.