சுவரில் ஒரு கிறுக்கல், ஆளுநரின் ஒரு கடிதம்



பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ரோம வரலாற்றை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அகஸ்டஸ், நீரோ, கான்ஸ்டன்டைன் என்று பேரரசர்களை வரிசையாக நிறுத்துகிறோம். ஆதிக் கிறிஸ்தவர்கள் என்றதும் சிங்கத்துக்கு இரையான வேதசாட்சிகளின் கதை ஒன்றைச் சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். தேர்வு முடிந்த மறுநாளே பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் தங்கள் கைப்பட எழுதிவைத்ததையே அவர்கள் முன்னால் வைப்போம் என்று கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

ரோம் நகரத்தின் பாலட்டைன் குன்றில், அரண்மனை இடிபாடுகளுக்கிடையே, 1857இல் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்தது. சிலுவையில் ஒரு மனிதன்; அவனுக்குக் கழுதைத் தலை. கீழே நின்று ஒரு பையன் கையை உயர்த்தி வணங்குகிறான். ‘அலெக்ஸாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்’ என்று கிரேக்கத்தில், அதுவும் எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறது. அரண்மனைச் சேவகத்துக்குச் சிறுவர்களைப் பழக்கிய இடம் அது என்பது அறிஞர் பலரின் கருத்து. கூடப் பழகும் ஒருவனின் நம்பிக்கையைக் கேலி செய்து யாரோ கிறுக்கியிருக்கிறார்கள். பக்கத்து அறைச் சுவரில் வேறொரு கையெழுத்து, லத்தீனில்: ‘அலெக்ஸாமெனோஸ் விசுவாசமுள்ளவன்.’ அதை எழுதியது அவனேதானா, அவனுக்காகப் பரிந்துவந்த நண்பனா? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கேலிக்கு ஆளாவது என்றால் என்னவென்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து ஒரு கடிதம். சுமார் கி.பி. 112. இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் என்று சிலரைத் தன்னிடம் பிடித்துக் கொண்டுவருகிறார்கள்; கிறிஸ்தவர் என்ற பெயரே குற்றமா, குற்றம் ஏதாவது செய்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். மூன்று முறை விசாரித்தும் மறுக்காதவர்களைக் கொல்ல உத்தரவிட்டதையும் அவரே எழுதுகிறார். சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்திருக்கிறார். விடியுமுன் கூடிப் பாடுவார்கள், திருட மாட்டோம், வாக்குத் தவற மாட்டோம் என்று உறுதி எடுப்பார்கள் என்பதற்குமேல் குற்றம் என்று சொல்ல அவருக்கு எதுவும் அகப்படவில்லை. மிதமிஞ்சிய மூடநம்பிக்கை என்று தீர்மானித்துவிடுகிறார்.

டிராஜனின் பதில் சுருக்கமானது. அவர்களைத் தேடிப் போக வேண்டாம். மொட்டைக் கடிதத்தை ஏற்க வேண்டாம். ஆனால் குற்றம் மெய்ப்பட்டால் தண்டிக்க வேண்டும். தண்டிக்கத் தக்கவர்களென்றால் ஏன் தேடக் கூடாது? தேட வேண்டாதவர்களென்றால் ஏன் தண்டிக்க வேண்டும்? பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடட்டும். சட்டம், அதிகாரம், மனச்சாட்சி மூன்றையும் பற்றி இதைவிட நல்ல பாடம் நான் அறியேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 313இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுரிமை கிடைத்தது. 380இல் பேரரசர் தியடோசியஸ் காலத்தில் கிறிஸ்தவமே அரசு சமயமானது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பழைய கோயில்களில் பலியிடுவது தடைசெய்யப்பட்டது. 415இல் அலெக்சாந்திரியாவில் ஹைபேஷியா என்ற கணித அறிஞரைக் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று கொன்றது. ஒடுக்கப்பட்டவர்களின் சமயம் அதிகாரத்துக்கு வந்தபின் நடந்ததையும் பிள்ளைகள் அறிய வேண்டும். வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருவர் நம்பிக்கையையும் நாம் போதிக்கவும் வேண்டாம், புண்படுத்தவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி, ஆதாரத்தோடு சொன்னால் போதும்.

ஆசிரியர்களே, வரும் கல்வியாண்டில் இதற்கென இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். பிளினியின் கடிதத்தையும் டிராஜனின் பதிலையும் எளிய தமிழில் எழுதி, படியெடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுங்கள். முதலில் அவர்கள் படிக்கட்டும்; நாம் பிறகு பேசுவோம்.