பட்டு அணியாத பாத்திரங்கள்
(ஆண்டு விழாவில், சிறுமியர் நாடகத்திற்கு முன் நிகழ்த்திய உரை)



இன்று நம் காலனிச் சிறுமியர் நடிக்கும் நாடகத்திற்கு ஆடை அமைக்கும் பணியைச் சங்கத்தார் என்னிடம் ஒப்படைத்தனர். ஒத்திகையைக் கண்ட தாய்மார் சிலர், “ஆண்டு விழாவில் பட்டில்லாமல் குழந்தை மேடை ஏறுவதா?” என்று மனம் வருந்தினர். அவர்களுக்கு விடை கூறுவது என் கடமை.

1913 மார்ச்சில், கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா எனும் பொருள்படத் தென்னாப்பிரிக்காவில் ஒரு தீர்ப்பு வெளியாயிற்று. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர் தலைக்கு மூன்று பவுன் வரி செலுத்தும் கொடுமையும் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் டிரான்ஸ்வால் பெண்கள் பதினொருவர் நியூகாசில் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தனர். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்டிர். சிலர் கைக்குழந்தையோடு சென்றவர். தொழிலாளர் வேலையைத் துறந்தனர்; பெண்களுக்குக் கிடைத்தது மூன்று மாதக் கடுங்காவல். அவருள் பலரை வரலாறு ‘இன்னாரின் மனைவி’ என்றே குறித்து வைத்துள்ளது.

ஆகவே அவர்களுக்குச் சாயம் மங்கிய நூற்புடவையே தேர்ந்தேன். மணமானவர் பாத்திரங்களுக்கு அணிகலன் ஒன்றே, அது தாலி. எதனைச் செல்லாதென்று சட்டம் உரைத்ததோ, அதுவே அவர்கள் கழுத்தில் விளங்கட்டும் என்று கருதினேன்.

பின்னர்ச் சிறை சென்றவள் ஜோகன்னஸ்பர்க் நகரத்துச் சிறுமி தில்லையாடி வள்ளியம்மை. நெடிய உருவினளான அவளைச் சிறை எலும்புருவாக்கிற்று. காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயதில் உயிர் நீத்தாள். அப்பாத்திரத்திற்கு இரண்டு ரவிக்கைகள் தைத்தேன். முதற் காட்சியில் உடலுக்கு அளவானது; இறுதிக் காட்சியில் அதே துணியில் மூன்று அங்குலம் தளர்வானது. புடவை மாறவில்லை. உடல் மெலிந்ததை ஆடையே உணர்த்தும்.

முதலில் வருந்திய அன்னையாருள் ஒருவர் நேற்று மாலை தம் பழைய நூற்புடவையைக் கொணர்ந்து, “இதையே என் மகள் உடுத்தட்டும்” என்றார். அதைவிடச் சிறந்த பாராட்டை நான் வேண்டேன்.

பிழைப்பிற்காக ஊர் விட்டு வந்த குடும்பங்கள் நாம். நம்மை இங்கு நிலைபெறச் செய்த பாட்டிமாரும் அன்னையரும் ‘இன்னார் மனைவி’ என்பதோடு மறைந்துவிடலாகாது. இன்றிரவு வீடு சென்றதும், அவர்தம் சொந்தப் பெயர்களைக் குழந்தைகளுக்குச் சொல்லி எழுதச் செய்யுங்கள். எழுதிய பெயர் எளிதில் அழியாது.

திரை விலகும் நேரமாயிற்று.